ரசிகர் ஓவியம்: ஐந்து கோர வில்லன்கள், நீலகிரி உடம்பில். பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்

கோத்தகிரி தூரிகை:

வணக்கம் நண்பர்களே. சூப்பர்ஹீரோ கதை எதை எடுத்தாலும் எனக்கு நாயகனைவிட அவனுக்கு எதிரே நிற்கும் உருவத்தின் மேல்தான் கண் போகும். அதிலும் மனிதனாகப் பிறந்து பிறகு உருக்குலைந்துபோனவர்கள் என்றால் விடவே மாட்டேன். அப்படி ஐந்து பேரை வரைந்து முடித்திருக்கிறேன். மேன்-பேட், லிசார்ட், கில்லர் குரோக், கிளேஃபேஸ், வெனம். லிசார்டும் வெனமும் ஸ்பைடர்மேன் கதையில் வருபவர்கள், மற்ற மூவரும் பேட்மேன் கதையில். எல்லாம் ஏ3 தாள், கறுப்பு மை, மேலே வாட்டர்கலர்.

மற்றவர்கள் வரைந்த படத்தைப் பார்த்து வரையவில்லை. நம்ம மலையில் கண்ணால் பார்த்த உயிரையும் மண்ணையும் வைத்தே உடம்பைக் கட்டியிருக்கிறேன். மேன்-பேட்டுக்கு மேட்டுப்பாளையம் ஆற்றோர மரங்களில் தொங்கும் பழந்தின்னி வௌவால். லிசார்டுக்கு ஊட்டிப் பக்கம் வேலியில் பார்க்கும் பச்சை ஓணான். குரோக்குக்கு மாயாற்று முதலை. வெனத்துக்கு ரத்தம் உறிஞ்சும் அட்டை. கிளேஃபேஸுக்கு மழையில் சரிந்து வரும் நம் செம்மண்.

குன்னூரில் தெரிந்தவர் ஒருவர் தன் காபிக் கடைச் சுவரை மே மாத சீசனுக்குத் தருகிறேன் என்கிறார். மாட்டுவதற்கு முன்னால் கதை தெரிந்தவர்களும் மலை தெரிந்தவர்களும் பார்க்க வேண்டும். நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள்.

குன்னூர் ரயிலடி:

லிசார்ட் படத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை. பல், நாக்கு, வால் எல்லாம் யாரும் வரைவதுதான். அந்த வெள்ளை ஆய்வகக் கோட்டின் வலது கையைச் சொல்கிறேன். கை இல்லாதவர்கள் சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்திக்கொள்வார்கள். அந்த மடிப்பு அப்படியே இருக்கிறது. அதைக் கிழித்துக்கொண்டு பச்சைக் கை வெளியே வந்திருக்கிறது. ஊக்கு வளைந்துபோய்த் துணி நுனியில் தொங்குகிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர் கர்ட் கானர்ஸ் போர்முனையில் அறுவை மருத்துவராக இருந்தவர். அங்கேயே வலது கை போய்விட்டது. பல்லிக்கு முளைக்கிறது, மனிதனுக்கு ஏன் முளைக்கக்கூடாது என்று ஆராய்ச்சியில் இறங்குகிறார். மருந்தைத் தயாரித்துத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கிறார். கை முளைக்கிறது, ஆனால் மாற்றம் கையோடு நிற்கவில்லை. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1963இல் ஸ்பைடர்மேனின் 6ஆவது இதழில் கொண்டுவந்த ஆள். அவருக்கு மனைவியும் சின்னப் பையனும் உண்டு. ஒற்றைக் கையால் தன் சட்டையில் ஊக்கு குத்திக்கொள்வது கஷ்டம். அன்றைக்குக் காலையில் அந்த ஊக்கை யார் குத்திவிட்டிருப்பார்கள் என்று யோசித்தேன், அதற்கப்புறம் அந்தப் பல்லைப் பார்த்துப் பயப்பட முடியவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

கூடலூர் இரவாடி:

முதலில் பாராட்டு. மேன்-பேட் வரைகிறவர்களில் பெரும்பாலானோர் முதுகில் இரண்டு சிறகை ஒட்டவைத்துவிட்டு, தனியாக இரண்டு கையும் கொடுப்பார்கள். வௌவாலுக்குக் கைதான் சிறகு. நீண்டுபோன நான்கு விரல்களுக்கு நடுவே தோல் விரிந்திருக்கும், கட்டைவிரல் மட்டும் கொக்கியாக வெளியே நிற்கும். நீங்கள் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். முழங்கால் பின்பக்கமாக மடங்குவதையும் போட்டிருக்கிறீர்கள், அதைக் கவனிக்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

இப்போது குறை. முகம் பழந்தின்னியின் முகம். நீண்ட மூக்கு, பெரிய கண், சின்னக் காது. அது கண்ணாலும் மூக்காலும் பழத்தைத் தேடிப் போகும் விலங்கு. குரல் எழுப்பி எதிரொலி கேட்டு வழி கண்டுபிடிக்கும் வித்தை அதற்குக் கிடையாது. கதையில் மேன்-பேட்டாக மாறும் விஞ்ஞானி கிர்க் லாங்ஸ்ட்ராம் எதற்காக அந்த மருந்தைச் சாப்பிடுகிறார்? வௌவாலின் கேட்கும் திறன் தனக்கு வேண்டும் என்றுதான். அப்படியானால் அவர் உடம்பில் ஏறியது பூச்சி பிடிக்கும் வௌவாலின் சாறு. பெரிய காது, மிளகு அளவுக் கண், மூக்கின் மேல் மடிப்பு மடிப்பாகத் தோல். குதிரைலாட வௌவாலின் படத்தை ஒருமுறை பாருங்கள், அதைவிடக் கோரமாக யாராலும் கற்பனை செய்ய முடியாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். 2018இல் கோழிக்கோட்டில், பழந்தின்னி வௌவாலிடமிருந்து பரவும் நிபா வைரஸ் வந்தபோது, எல்லையில் இருக்கும் எங்கள் பக்கமும் பயம் பரவியது. வௌவால் அடையும் மரத்தையே வெட்டிவிடலாம் என்று பேசினவர்கள் இருந்தார்கள். பழந்தின்னி கண்ணுக்குத் தெரிகிற விலங்கு, பகலில் கூட்டமாகத் தொங்கும், கல்லெறிய வசதியாக மாட்டிக்கொள்ளும். காட்டில் எத்தனையோ மரங்களின் விதையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் போடுவது அதுதான். சீசனுக்கு வரும் குழந்தைகள் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது அதே முகத்தை மரத்தில் பார்க்கும். அதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கோத்தகிரி தூரிகை:

இரவாடி அண்ணா, கேட்கும் திறன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அந்தக் கண்ணை நான் வேண்டுமென்றேதான் வைத்தேன். லாங்ஸ்ட்ராம் கெட்டவர் இல்லை. 1970இல் ஃப்ராங்க் ராபின்ஸும் நீல் ஆடம்ஸும் அவரைக் கொண்டுவந்தபோதே, பேட்மேனைப் பார்த்து வியந்து அவனைப்போல் ஆக ஆசைப்பட்ட விஞ்ஞானியாகத்தான் கொண்டுவந்தார்கள். மாறிய பிறகும் உள்ளே அவர் இருக்கிறார் என்பதைக் கண்ணில்தானே காட்ட முடியும்? மிளகுக் கண்ணில் எதைக் காட்டுவது?

கூடலூர் இரவாடி:

//மிளகுக் கண்ணில் எதைக் காட்டுவது?//

காதில் காட்டலாம். ஆராய்ச்சி செய்தவர் காதுக்காகத்தானே இந்தப் பாடு பட்டார். குதிரைலாட வௌவால் உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் இரண்டு காதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கும். ஒரு காது எதிரில் இருக்கும் பேட்மேன் பக்கம், இன்னொரு காது தனக்குப் பின்னால் கூப்பிடுகிற யாரோ ஒருவர் பக்கம். அப்படி வரைந்து பாருங்கள். மனிதக் கண்ணை வைத்துத்தான் தீர வேண்டும் என்றால் மனிதக் கண்ணாகவே வையுங்கள், பழந்தின்னிக் கண் மட்டும் வேண்டாம்.

பழைய காமிக்ஸ் பெட்டி:

தங்கச்சி, நான் ஊட்டி. எனக்கு இந்த அமெரிக்க வில்லன்கள் கொஞ்சம் பிந்தித்தான் பழக்கம். நான் வளர்ந்தது சிவகாசித் தமிழ் காமிக்ஸ் புத்தகங்களில். ரயிலடி தம்பி ஊக்கைப் பற்றி எழுதியதும் எனக்கு இரும்புக்கை மாயாவிதான் நினைவுக்கு வந்தார். 1972இல் முத்து காமிக்ஸ் ஆரம்பித்ததே அவரை வைத்துத்தான். அவரும் ஆய்வகத்து ஆள்தான், அவருக்கும் போனது வலது கைதான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இங்கிலாந்தில் 1962இல் தொடங்கிய முதல் கதையில் அவர் நாயகனே இல்லை, நகரத்தை மிரட்டிய குற்றவாளி. பிறகுதான் நல்ல பக்கம் வந்தார்.

ஸ்பைடரும் அப்படித்தான். சிலந்தி மனிதனைச் சொல்லவில்லை, லயன் காமிக்ஸில் நாங்கள் படித்த கூர்க்காது ஸ்பைடரைச் சொல்கிறேன். குற்றச் சக்கரவர்த்தியாக ஆரம்பித்தவர். அந்தக் கதைகளை எழுதியவர்களில் ஒருவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கோர உருவம் வந்ததுமே ஆள் வில்லன் என்று எங்கள் தலைமுறை முடிவுகட்டியதே இல்லை. அடுத்த புத்தகத்தில் இவன் திருந்திவிடுவானோ என்ற எதிர்பார்ப்போடுதான் பக்கத்தைப் புரட்டுவோம். உங்கள் லிசார்டில் எனக்கு அந்த எதிர்பார்ப்பு வந்தது. கிளேஃபேஸில் வரவில்லை. அதில் ஆளே இல்லை, வெறும் மண்.

கொடைக்கானல் சோலை:

லிசார்ட் பற்றி ஒன்று. நீங்கள் மாதிரிக்கு வைத்த அந்தப் பச்சை ஓணான் நீலகிரியிலும் எங்கள் பழனி மலையிலும் உயரமான இடத்தில் மட்டும் இருப்பது. உடம்பெல்லாம் பெரிய செதில், ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். அந்தச் செதிலை நீங்கள் தோள்பட்டையில் போட்டிருக்கும் அழகைச் சொல்லி முடியாது.

ஆனால் ஓணான், பல்லியைப்போல் வாலை உதறிவிட்டு மறுபடி முளைக்கவிடுகிற சாதி இல்லை. அது பல்லியும் அரணையும் செய்கிற வேலை. அவற்றுக்கும் வால்தான் முளைக்கும், கால் முளைக்காது. காலையே முளைக்கவைப்பது, பல்லி போலிருக்கும் நீர்நில உயிரான சாலமாண்டர்தான். கானர்ஸ் சாலமாண்டரைப் பிடித்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்!

நான் சொல்ல வந்தது வேறு. வீட்டுப் பல்லியின் முளைத்த வாலை உற்றுப் பாருங்கள். பழைய வாலும் புது வாலும் சேருகிற இடம் தெளிவாகத் தெரியும். புது வாலுக்குள் முள்ளெலும்பு வராது, குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும். நிறம் மங்கலாக, செதில் ஒழுங்கில்லாமல், பழைய வாலில் இருந்த பட்டைகள் இல்லாமல் இருக்கும். கானர்ஸின் வலது கை அப்படித்தானே இருக்க வேண்டும்? உடம்பு முழுக்க அழகான பச்சைச் செதில், அவர் ஆசைப்பட்டுக் கேட்ட அந்தக் கை மட்டும் சாம்பல் நிறத்தில், முழுசாக அமையாமல். நீங்கள் இரண்டு கையையும் ஒரே மாதிரி வரைந்திருக்கிறீர்கள்.

குன்னூர் ரயிலடி:

சோலை சொன்னதைப் படித்துவிட்டு மறுபடி படத்தைப் போய்ப் பார்த்தேன். அந்தக் கை மட்டும் சாம்பலாக இருந்தால் படம் எங்கேயோ போய்விடும். தயவுசெய்து மாற்றுங்கள்.

கோத்தகிரி தூரிகை:

நாளைக்கே மாற்றுகிறேன். பச்சையைக் கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் துடைத்து எடுத்துவிட்டு மேலே சாம்பல் பூசலாம், தாள் தாங்கும். சோலை, இதற்கு உங்களுக்கு ஒரு பிரிண்ட் உண்டு.

நடுவட்டம் மழைக்காடு:

வெனம் அட்டகாசம். சோலைக் காட்டுக்குள் போனவர்களுக்குத்தான் அதன் பயம் புரியும். அட்டை ஏறுவது தெரியாது, கடிப்பது தெரியாது, செருப்பு நசநசவென்று ஆன பிறகுதான் குனிந்து பார்ப்போம். பிடுங்கிப் போட்ட பிறகும் ரத்தம் நிற்காது. வெனமும் அப்படி வந்த ஆள்தான். 1984இல் ஸ்பைடர்மேன் ஆசையாகப் போட்டுக்கொண்ட கறுப்பு உடையாகத்தான் முதலில் வந்தது. அது உயிருள்ளது, தன்னை உறிஞ்சுகிறது என்று தெரிய நாளானது. 1988இல்தான் வேறொருவன் மேல் ஏறி வெனம் என்று பெயர் வாங்கியது.

ஒரு மாற்றுக் கருத்து. வாயை அட்டையின் வாயாக, மூன்று தாடையோடு வட்டமாக வரைந்துவிட்டீர்கள். வெனம் என்றாலே அந்தச் சிரிப்புதான். உடம்பு அட்டையாகவே இருக்கட்டும், வாயில் சிரிப்பு வேண்டும். மற்றபடி கையே வைக்காதீர்கள்.

ஊட்டி நீர்ப்பனி:

கில்லர் குரோக் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் வருகிறேன்.

என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே இக்தியோசிஸ். தோல் காய்ந்து செதில் செதிலாக வரும். டிசம்பர், ஜனவரியில் இங்கே உறைபனி விழும்போது முழங்காலுக்குக் கீழே வெடித்து ரத்தம் கசியும். தேங்காய் எண்ணெயும் வாசலினும்தான் எங்கள் வீட்டில் அதிகம் செலவாகும் பொருள்கள். இப்போது காலேஜ் போகிறான். பேருந்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவர் கையைப் பார்த்துவிட்டு எழுந்து, ஊர் வரும்வரை நின்றுகொண்டே வந்ததை ஒருநாள் சொன்னான். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது.

உங்கள் படங்களை அவனுக்குக் காட்டினேன், அவனுக்கு காமிக்ஸ் என்றால் உயிர். குரோக்கின் முன்கையைப் பெரிதாக்கிப் பார்த்தான். மணிக்கட்டுப் பக்கம் மனிதத் தோல், அதில் சின்னச் சின்னச் சாய்சதுர வெடிப்பு, வெடிப்பின் ஓரம் மட்டும் லேசாகத் தூக்கி வெளுத்திருக்கிறது. முழங்கை தாண்டியதும் முதலைத் தோல். "அக்கா, இது என் கை" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, இவ்வளவு சரியாக வரைந்திருக்கிறார்களே என்றுதான் சொன்னான். அப்புறம் கேட்டான்: "எந்த இடம் வரைக்கும் நோய், எந்த இடத்திலிருந்து வில்லன்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை அக்கா. ஆனால் அந்தப் படம் அப்படியே சுவரில் தொங்கினால் நான் அந்தக் கடைக்குள் வரமாட்டேன்.

எருமாடு கடைவீதி:

நீர்ப்பனி, உங்கள் தம்பியை நினைத்தால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இருந்தாலும் ஓவியர் பக்கமும் ஒரு வார்த்தை பேச வேண்டும். குரோக் இவர் உருவாக்கிய பாத்திரம் இல்லை, 1983இலிருந்து இருக்கிற பாத்திரம். தோல் நோயோடு பிறந்தவன் என்பது கதையிலேயே வருகிறது. ஒற்றைக்கண் வில்லன், தழும்பு வில்லன், நொண்டி வில்லன் என்று நம் சினிமாவிலும் எத்தனையோ பார்த்துவிட்டோம். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் மனம் நோகும் என்று பார்த்தால் கோர உருவத்தையே யாரும் வரைய முடியாது. படம் நன்றாக இருக்கிறது என்பதுதான் என் கருத்து. மாட்டட்டும்.

அரவேனு செவிலி:

கடைவீதி அண்ணா, நான் நர்ஸ். அதனால் முதலில் மருத்துவத்தைச் சொல்லிவிடுகிறேன். இக்தியோசிஸ் தொற்றாது. தொட்டால் ஒட்டாது, பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது, ஒரே துண்டைப் பயன்படுத்தினாலும் ஒட்டாது. பெரும்பாலும் மரபணுவில் வருவது. லேசான வகை சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நம்மைச் சுற்றி இருப்பவர்களில் பலர் வெறும் வறண்ட தோல் என்று நினைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். நம்ம ஊர்க் குளிரும் வறண்ட காற்றும் அதை அதிகமாக்கும். மழைக்காலத்தில் கொஞ்சம் அடங்கும். நீர்ப்பனி, தம்பி குளித்த உடனே ஈரம் காய்வதற்குள் க்ரீம் தடவச் சொல்லுங்கள். யூரியா கலந்தது எது ஏற்றது என்று தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெடிப்பு இருக்கும் இடத்தில் அது எரியும், அதையும் சொல்லிவையுங்கள்.

இப்போது படம். கதையிலேயே இருக்கிறது என்கிறீர்கள், சரி. கதையில் இன்னும் என்ன இருக்கிறது? வேலன் ஜோன்ஸ், அதாவது குரோக், சின்ன வயதில் சித்தியிடம் அடி வாங்கி வளர்கிறான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். பிழைப்புக்குக் கண்காட்சிக் கூடாரத்தில் முதலையோடு மல்லுக்கட்டுகிறான், ஜனங்கள் டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்கிறார்கள். இது எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தோலை மட்டும் எடுத்துக்கொண்டால் அதைக் கதையில் இருப்பதாக எப்படிச் சொல்வது? கால்வாசிதான் எடுத்திருக்கிறோம்.

பழைய காமிக்ஸ் பெட்டி:

செவிலி சொல்வது ரொம்பச் சரி. குரோக் முதலில் வந்தபோது கோட்டுப் போட்ட உயரமான மனிதன், அவ்வளவுதான். தோல் கரடுமுரடாக இருக்கும், மற்றபடி நம்மைப்போல் நடப்பான், பேசுவான், கூட்டம் சேர்த்துக் கொள்ளையடிப்பான். வருஷம் போகப் போக ஒவ்வொரு ஓவியரும் கொஞ்சம் கொஞ்சமாக முதலையாக்கினார்கள். நீண்ட மூஞ்சி வந்தது, சில படங்களில் வாலும் வந்தது. பேச்சு குறைந்துகொண்டே போனது. நீங்கள் வரைந்திருப்பது அந்தக் கடைசிக் கட்டத்து ஆளை.

எருமாடு கடைவீதி:

சித்தி விஷயமும் கூடார விஷயமும் எனக்குத் தெரியாது செவிலி அக்கா. ஆனாலும் தோலை வரையவே கூடாது என்று ஆகிவிடக்கூடாது, அதில் உறுதியாக இருக்கிறேன். மறைத்து வைப்பதும் ஒருவகையில் அந்தப் பேருந்து ஆள் செய்ததுதானே?

கோத்தகிரி தூரிகை:

நீர்ப்பனி, உங்கள் பதிவை நிறைய முறை படித்தேன். கடைவீதி அண்ணாவின் கடைசிக் கேள்வியும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தம்பியிடமே கேட்கலாமா? அவருக்கு இந்தப் பாத்திரம் பிடிக்கும் என்கிறீர்கள். அவர் வரைந்தால் எப்படி வரைவார்?

ஊட்டி நீர்ப்பனி:

கேட்டேன். நேற்று ராத்திரி முழுக்க இதே பேச்சுதான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"குரோக்கை மனுஷனா வரையச் சொல்லு. வால் வேண்டாம், முதலை மூஞ்சி வேண்டாம். தோல் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும், அதுல ஒண்ணும் மாத்த வேண்டாம். முதலையை முதலையா வரையச் சொல்லு. ரெண்டு பேரும் அந்தக் கூடாரத் தொட்டியில ஒரே தண்ணியில இருக்கட்டும். சுத்தி டிக்கெட் வாங்கினவங்க முகம் தெரியணும். வாயைத் திறந்துட்டு இருக்கிறது அவங்களா இருக்கணும்."

மசினகுடி ஜீப்:

படித்ததும் உடம்பு ஒருமுறை சிலிர்த்துவிட்டது. தம்பியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஓவியர் அக்காவுக்கு ஒரு தகவல். கதையில் வருவது அமெரிக்க அலிகேட்டர். நம் மாயாற்று முதலைக்கும் மூஞ்சி அகலம்தான், அதனால் தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றுபோல் தெரியும். வித்தியாசம் பல்லில். நம் முதலை வாயை மூடியிருந்தாலும் கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே தெரியும், அலிகேட்டருக்கு உள்ளே போய்விடும். நீங்கள் நம் முதலையையே வையுங்கள், பல்லையும் மறக்காதீர்கள். அப்புறம், முதலை வாயைப் பிளந்துகொண்டு கரையில் படுத்திருப்பது கோபத்தில் இல்லை. உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ள அப்படிக் கிடக்கும். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் அலறுவார்கள். தொட்டியில் அது வாயை மூடிக்கொண்டு சும்மா மிதக்கட்டும், அதுதான் அதன் இயல்பு.

கேத்தி மேடு:

கிளேஃபேஸ் பற்றி நானும் சொல்லிவிடுகிறேன். 2009 நவம்பர் 10ஆம் தேதி எங்கள் கேத்தியில் 24 மணி நேரத்தில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையில் மாவட்டம் முழுக்கச் சரிவு, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். எங்கள் சொந்தத்திலும் உண்டு. உங்கள் படத்தில் மண் கையை நீட்டிக்கொண்டு வருகிறது. அதன் மார்பில் தேயிலைச் செடி வேரோடு, தகர ஷீட், ஒரு நீலக் கதவு. ரொம்ப நன்றாக வரைந்திருக்கிறீர்கள். அந்தக் கதவை நான் முழுசாகப் பார்க்கவில்லை, படத்தை நகர்த்திவிட்டேன்.

குன்னூர் ரயிலடி:

கேத்தி அண்ணா, எனக்கும் அந்த மழை நினைவிருக்கிறது. ரயில் பாதையில் மண் விழுந்து எத்தனையோ நாள் வண்டி ஓடவில்லை. இருந்தும் அந்தப் படம் வேண்டும் என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் சீசனுக்கு வருகிறவர்களுக்கு இந்த மலை வெறும் பூச்செடியாகத்தான் தெரிகிறது. இங்கே மண் நகரும் என்று யாராவது சொல்ல வேண்டாமா?

கேத்தி மேடு:

சொல்லலாம் தம்பி, ஆனால் மண்ணை வில்லனாக்கிச் சொல்லக்கூடாது. மண் தானாக வந்து யாரையும் கொல்லவில்லை. சரிவை நேராக வெட்டியிருக்கிறார்கள், தண்ணீர் போகும் ஓடையை அடைத்திருக்கிறார்கள், தடுப்புச் சுவருக்குத் தண்ணீர் வடியத் துளைகூட வைக்காமல் கட்டியிருக்கிறார்கள். இந்தப் படத்தில் அவர்கள் யாருமே இல்லை. மண்ணுக்கு முகம் வைத்து, பல் வைத்து, குற்றத்தையும் அதன் தலையில் கட்டினால் வெட்டினவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். லிசார்டுக்கு ஒரு ஊக்கு வைத்த கை, இங்கே அதைச் செய்யவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

பழைய காமிக்ஸ் பெட்டி:

இதற்குக் கதையிலேயே வழி இருக்கிறது. மண்ணால் ஆன உடம்பு இரண்டாவது கிளேஃபேஸுக்குத்தான் வந்தது. 1961இல் வந்த மேட் ஹேகன் என்பவன், குகைக்குள் ஒரு விசித்திரக் குட்டையில் இறங்கி அப்படி ஆனவன். 1940இல் பில் ஃபிங்கரும் பாப் கேனும் கொண்டுவந்த முதல் கிளேஃபேஸுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. பேசில் கார்லோ என்ற நடிகன். தான் நடித்த பழைய பயங்கரப் படத்தை வேறு நடிகனை வைத்து மறுபடி எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் புத்தி பேதலித்துவிடுகிறது. தான் முன்பு நடித்த ஒரு வில்லனின் முகமூடியை மாட்டிக்கொண்டு, அந்தப் படத்தின் கதையில் எந்த வரிசையில் சாகிறார்களோ அதே வரிசையில் நடிகர்களைக் கொல்ல ஆரம்பிக்கிறான். முகத்தில் மட்டும்தான் களிமண், கழற்றினால் உள்ளே மனிதன். மலையும் வேண்டாம், சரிவும் வேண்டாம், கதவும் வேண்டாம்.

கோத்தகிரி தூரிகை:

கேத்தி அண்ணா, அந்தப் படத்தை மாட்டவில்லை. இங்கிருந்தும் இப்போதே எடுத்துவிடுகிறேன். பெட்டி அண்ணா சொன்ன பேசில் கார்லோவை வரைகிறேன், பாதி கழற்றிய முகமூடியோடு. சரிவு வெட்டுவதைப் பற்றி ஒரு படம் வரையத்தான் வேண்டும், அது இந்த வரிசையில் சேராது, வில்லனுக்குப் பெயர் எதுவும் இரவல் வாங்காமல் தனியாக வரைகிறேன்.

மேன்-பேட்டுக்குக் காதும் மூக்கும் மாறும், கண் மனிதக் கண்ணாகவே இருக்கும். வெனத்துக்குச் சிரிப்பு திரும்பி வரும். குரோக்கைப் புதுத் தாளில் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். தொட்டிக்குள் ஒரு மனிதன் தண்ணீரில் கையை விரித்து நிற்பதைக் கற்பனையில் வரைய எனக்கு வரவில்லை, தோள் தப்பாகப் போகிறது. நீர்ப்பனி, தம்பி அரைமணி நேரம் கையை நீட்டி நின்று உதவுவாரா? கீழே அவர் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம்.

ஊட்டி நீர்ப்பனி:

வருகிறானாம். பெயர் போட வேண்டாம், பிரிண்ட் ஒன்று வேண்டும் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவனுக்கு வசதி. பனி முடிந்துவிட்டதால் வெடிப்பு இப்போது ஆறிக்கொண்டு வருகிறது, ஜனவரியில் இருந்த மாதிரி இருக்காது. அதற்காகக் கூட்டி வரையாதீர்கள், அன்றைக்கு எப்படி இருக்கிறதோ அப்படியே வரையுங்கள் என்று சொல்லச் சொன்னான்.